வீட்டில் போடும் நெயில் பாலிஷ் ஒரு வாரம் உரியாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

புதிதாக நெயில் பாலிஷ் போடுகிறவர்கள் பெரும்பாலும் பாட்டிலைத் திறப்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இரண்டாம் நாளே நுனியில் பெயர்ந்துவிட்டால், மலிவான பாட்டில் என்று நினைத்து விலை கூடியதை வாங்குகிறார்கள். அதுவும் பெயர்கிறது. பலருக்குப் போட்டுவிட்டும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தும் நான் பார்த்தவரை, பாலிஷ் நிற்குமா நிற்காதா என்பது பாட்டிலைத் திறக்கும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம்.

இது விளக்கில் காயவைக்கும் ஜெல் வகைக்கு அல்ல, கடையில் கிடைக்கும் சாதாரண பாலிஷுக்கு. கையில் 5 முதல் 7 நாள் நன்றாக இருந்தால் அது நல்ல வேலை. காலில் அதைவிட நிறைய நாள் நிற்கும்.

1. முதலில் நேரம்

தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர 10 முதல் 15 நிமிடம் போதும். ஆனால் உள்ளே இருக்கும் கரைப்பான் முழுக்க ஆவியாகி, பூச்சு இறுக இன்னும் பல மணி நேரம் ஆகும். அதற்குள் வெந்நீரில் கை வைத்தாலோ, போர்வைக்குள் கை போனாலோ அச்சு விழும். தூங்கப் போகும் முன் அவசரமாகப் போட்டவர்களுக்குக் காலையில் நகத்தில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கும்.

அடுத்தது தண்ணீர். நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் உப்பும், காய்ந்ததும் பழைய அளவுக்குச் சுருங்கும். ஊறிய நகத்தில் பாலிஷ் போட்டால், நகம் சுருங்கும்போது மேலே இருக்கும் பூச்சு அதே அளவுக்குச் சுருங்காமல் ஓரத்தில் பிடி விட்டுவிடும். குளித்தாலும், துணி துவைத்தாலும், பாத்திரம் கழுவினாலும் குறைந்தது ஒரு மணி நேரம் கழித்தே உட்காருங்கள். பார்லரில் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பதைப் பார்த்து வீட்டிலும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. பாலிஷ் போடும் நாளில் அது வேண்டாம்.

நான் சிபாரிசு செய்வது விடுமுறை நாளின் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம். அன்றைய பாத்திர வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ராத்திரி வரை கைக்கு ஈர வேலை இல்லாமல் இருந்தால் அதுவே இரண்டு நாள் கூடுதல் ஆயுள் தரும்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

ரிமூவர், பஞ்சு, நகவெட்டி, நகம் தேய்க்கும் அரம், முனை மழுங்கிய மரக்குச்சி, பேஸ் கோட் (நிறத்துக்கு அடியில் பூசுவது), நிறப் பாலிஷ், டாப் கோட் (நிறத்துக்கு மேலே பூசுவது), ஓரம் துடைக்க ஒரு மெல்லிய பிரஷ். பழைய ஐலைனர் பிரஷ் இருந்தால் அதுவே போதும்.

கையில் இருக்கும் பணத்துக்கு எதை முதலில் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: விலை குறைந்த நிறப் பாலிஷ், நல்ல டாப் கோட். பேஸ் கோட் தனியாக வாங்குங்கள். ஒரே பாட்டில் இரண்டுக்கும் உதவும் என்று விற்பதை நான் விரும்புவதில்லை. கீழே போடுவது நகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மேலே போடுவது கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்க வேண்டும். ஒரே திரவத்தில் இரண்டு குணமும் பாதிப் பாதிதான் கிடைக்கும்.

மேசையில் பழைய செய்தித்தாள் விரியுங்கள். அசிட்டோன் உள்ள ரிமூவர் வார்னிஷையும் பல வகைப் பிளாஸ்டிக்கையும் அரித்துவிடும். போன், கண்ணாடி ஃபிரேம், கவரிங் நகை எல்லாம் தள்ளி இருக்கட்டும். பாலிஷும் ரிமூவரும் சட்டென்று தீப்பிடிக்கக் கூடியவை. அடுப்படியிலும், விளக்கோ ஊதுவத்தியோ எரியும் இடத்திலும் உட்கார வேண்டாம்.

3. நிறத்தை முன்பே முடிவு செய்யுங்கள்

நகத்தைச் சுத்தம் செய்து முடித்த பிறகு நான்கு பாட்டிலைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால், அதற்குள் விரல் தலைமுடியைத் தொடும், முகத்தைத் தொடும். எண்ணெய் திரும்ப ஒட்டிவிடும். நிறம் முதலில், சுத்தம் அதற்கு அப்புறம்.

பலரும் தோலுக்கு எது பொருந்தும் என்பதில் தொடங்குவார்கள். நான் கேட்கும் முதல் கேள்வி வேறு: எத்தனை நாள் இதைத் தொடாமல் இருக்கப்போகிறீர்கள்? கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். ஒரு வாரத்தில் அடியில் முக்கால் மில்லிமீட்டர் அளவு வெறும் நகம் தெரியும். அடர்ந்த சிவப்பிலும் கருநீலத்திலும் அந்த இடைவெளி பளிச்சென்று கண்ணில் படும். தோலின் நிறத்தை ஒட்டிய, லேசாக ஒளி ஊடுருவும் நிறத்தில் பத்து நாள் ஆனாலும் தெரியாது. நுனி தேய்வதும் அப்படித்தான். அடிக்கடி போட நேரமில்லாதவர்களுக்கு இது தான் முதல் கணக்கு.

இரண்டாவது மஞ்சள் தூளின் கறை. கையால் சமைத்து, கையால் சாப்பிடுகிற நமக்கு வெள்ளை, வெளிர் ரோஸ், வெளிர் நீலம் எல்லாம் இரண்டு வேளை சாம்பாரிலேயே மங்கலாகிவிடும். டாப் கோட்டிலும் மஞ்சள் கறை ஏறும். மஞ்சளில் நிறம் தரும் பொருள் வெயிலில் வெளுக்கும் என்பதால், லேசான கறை பகல் வெளிச்சத்தில் தானாகவே கொஞ்சம் குறையும். ஆனாலும் தினமும் மசாலாவில் கை வைப்பவர்கள் அரக்கு, மாதுளை, காப்பிக்கொட்டை நிறம் போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தால் நிம்மதி.

இனி தோல் நிறம். மாநிறத்துக்கும் கறுத்த தோலுக்கும் பொருந்தாத நிறம் என்று ஒன்றும் கிடையாது. பொருந்தாத சாயல்தான் உண்டு. வெள்ளை நிறமி நிறையக் கலந்த வெளிர் நிறங்கள் சுண்ணாம்பு பூசியது போல் தனியாக நிற்கும். அதே நிறத்தில் கொஞ்சம் அடர்த்தி கூடினால் அழகாகிவிடும். வெளிர் ரோஸுக்குப் பதில் வாடாமல்லி, வெளிர் நீலத்துக்குப் பதில் மயில்கழுத்து, வெளிர் பச்சைக்குப் பதில் ராமர் பச்சை. கறுத்த விரல்களில் இந்த நிறங்கள் எழும்பித் தெரிவதைப் பார்த்த பிறகு யாரும் வெளிர் பக்கம் திரும்பியதில்லை.

நியூட், அதாவது தோல் நிறம், என்று விற்பவற்றில் பல வெளுத்த தோலை மனதில் வைத்துச் செய்தவை. நம் விரலில் அவை சாம்பல் பூத்தது போலத் தெரியும். உங்கள் விரலின் மேல்பக்கத் தோலோடு பாட்டிலை வைத்துப் பாருங்கள். அதே நிறமோ, அதைவிட ஒரு படி அடர்ந்ததோ எடுங்கள். டீ நிறம், கேரமல், செம்பழுப்பு எல்லாம் இந்த வகையில் வரும்.

சிவப்பு வாங்கும்போது கவனம் வேண்டும். ஒரு வகைச் சிவப்பு ஆரஞ்சு பக்கம் சாயும், இன்னொன்று ஊதா பக்கம் சாயும். தோலில் மஞ்சள் சாயல் இருந்தால் முதலாவதும், இல்லையென்றால் இரண்டாவதும் பொதுவாக எடுக்கும். இரண்டையும் அடுத்தடுத்த விரலில் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

கடையில் பார்த்த நிறமும் விரலில் வரும் நிறமும் ஒன்றாக இருக்காது. பாட்டிலில் தெரிவது கெட்டியாக நிரம்பிய நிறம், விரலில் வருவது மெல்லிய இரண்டு கோட். ஒளி ஊடுருவும் செலோ டேப் துண்டில் இரண்டு கோட் பூசிக் காயவைத்து, நகத்தின் மேல் ஒட்டி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டியூப் லைட்டில் முடிவு செய்யாதீர்கள்.

பட்டுப்புடவைக்குப் பொருத்தும்போது புடவையின் உடல்பகுதி நிறத்தை விட்டுவிட்டு பார்டரின் நிறத்தை எடுங்கள். கை முந்தானையின் பக்கத்தில்தான் அதிகம் இருக்கும். ஜரிகை அதிகமென்றால் பொன் மினுமினுப்புள்ள அரக்கு எந்தப் புடவைக்கும் நிற்கும். கிளிட்டர் போடுவதாக இருந்தால் மேலே டாப் கோட் இரண்டு முறை போடுங்கள். சொரசொரப்பு மீதி இருந்தால் பட்டு இழையை இழுத்துவிடும்.

பூச்சின் தன்மையும் ஆயுளை மாற்றும். கிளிட்டர் நெடுநாள் நிற்கும், எடுப்பதுதான் கஷ்டம். உலோகப் பளபளப்புள்ள வகை நகத்தின் கோடுகளையும் பிரஷ் ஓடிய தடத்தையும் காட்டிக்கொடுக்கும், அதனால் புதியவர்களுக்கு வேண்டாம். பளபளப்பில்லாத மேட் வகை தலைக்கு எண்ணெய் வைக்கும் கைகளில் திட்டுத் திட்டாகப் பளபளக்க ஆரம்பித்துவிடும். மினுமினுப்பு கலக்காத சாதாரண கிரீம் வகையே பழகுவதற்கு நல்லது.

மருதாணி போட்ட நகம் என்றால் ஒன்று நினைவில் வையுங்கள். அந்தச் சிவப்பு ரிமூவருக்குப் போகாது, நகம் வளர்ந்துதான் நீங்கும். அதன் மேல் வெளிர் நிறம் போட்டால் ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். அரக்கோ செம்பு நிறமோதான் சரி. நகத்தில் மருதாணி பிடிக்க வேண்டாம் என்றால் மருதாணிக்கு முன்பே நிறமில்லாத பாலிஷ் ஒரு கோட் போட்டுவிடுங்கள்.

4. நகத்தைத் தயார் செய்தல்

பழைய பாலிஷை முழுக்க எடுங்கள். ஓரத்தில் துளி மிஞ்சியிருந்தாலும் புதியது அந்த இடத்தில் மேடாகும், மேடான இடம் முதலில் உரியும்.

பிறகு நகத்தைச் சீர்செய்யுங்கள். நகவெட்டியால் அளவாக வெட்டி, அரத்தால் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக ஒரே திசையில் தேயுங்கள். முன்னும் பின்னும் அறுப்பது போலத் தேய்த்தால் நுனியில் அடுக்கு பிரியும். நகம் அங்கே பிரிந்தால் மேலே உள்ள பாலிஷும் சேர்ந்தே போகும். கூர்மையான மூலைகளை உருட்டிவிடுங்கள். வீட்டு வேலை செய்யும் கைக்கு விரல் நுனியைத் தாண்டிக் கொஞ்சமே நீண்ட, மூலை உருண்ட நகம்தான் பாலிஷை அதிக நாள் தாங்கும்.

அடுத்தது நகம் தொடங்கும் அடிப்பக்கத்தில், நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய செத்த தோல். இதைத்தான் புதியவர்கள் கண்டுகொள்வதே இல்லை. பாலிஷ் அதன் மேல் படிந்தால் நகத்தைப் பிடிக்காமல் தோலைப் பிடித்து நிற்கும், தோல் உதிர்ந்ததும் அதுவும் எழும்பும். மரக்குச்சியின் மழுங்கிய முனையால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்கள், அது போதும். வெட்ட வேண்டாம். அந்தத் தோல் கிருமி உள்ளே போகாமல் காக்கும் வேலி. வெட்டிய இடத்தில் நகச்சுத்தி வந்து அவதிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, கண்ணுக்கு எண்ணெய் ஒன்றும் தெரியாவிட்டாலும், பஞ்சில் ரிமூவர் நனைத்து பத்து நகத்தையும் ஒருமுறை அழுத்தித் துடையுங்கள். நகத்தின் மேலுள்ள இயற்கையான எண்ணெய்ப்பசை, கை கிரீம், மருதாணிக்குப் பூசிய நீலகிரித் தைலம், அரம் தேய்த்த தூள் எல்லாம் இதில் போகும். இந்தத் துடைப்பு அரம் தேய்த்த பிறகுதான் வர வேண்டும். இதை முடித்த கையோடு பேஸ் கோட்டைத் திறக்க வேண்டும், நடுவில் போனை எடுக்கக் கூடாது.

5. பூசும் வரிசை

மின்விசிறியை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை. காற்று நேராகப் பட்டால் மேற்பரப்பு முதலில் ஆடை கட்டும், உள்ளே அடைபட்ட கரைப்பான் வெளியேற முடியாமல் சின்னச் சின்னக் குமிழிகளாக நிற்கும். திறந்திருக்கும் பாட்டிலும் கெட்டியாகும். ஜன்னல் திறந்திருக்கட்டும், வாடை போக அது போதும்.

பாட்டிலைக் குலுக்க வேண்டாம், உள்ளே காற்று ஏறும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து அரை நிமிடம் உருட்டுங்கள்.

முதலில் பேஸ் கோட், ஒரே ஒரு மெல்லிய கோட். பாலிஷ் பிடித்துக்கொள்ள இது உதவும். அடர்ந்த சிவப்பும் நீலமும் நகத்தை மஞ்சளாக்காமலும் காக்கும். இரண்டு நிமிடம் விடுங்கள்.

வலது கைப் பழக்கம் உள்ளவர்கள் முதலில் வலது கைக்குப் போடுங்கள். இடது கை தடுமாறும்போது அதன் நகங்கள் ஈரமாக இல்லாமல் இருப்பது நல்லது. முழங்கையையும் மணிக்கட்டையும் மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். பிரஷை அசைப்பதைவிட விரலை லேசாகத் திருப்புவது எளிது.

பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டிலின் வாயில் வழித்துவிட்டு, மறுபக்கத்தில் ஒரு சின்னத் துளி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடு நகத்தில், அடித்தோலுக்குக் கொஞ்சம் முன்னால் துளியை வைத்து, மெதுவாக அடிப்பக்கம் தள்ளி, பிறகு நுனி வரை ஒரே இழுப்பு. அப்புறம் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்று இழுப்பில் முடிய வேண்டும். காய ஆரம்பித்த இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் திட்டு விழும்.

தோலைத் தொடாமல் சுற்றிலும் ஒரு மயிரிழை இடைவெளி விடுங்கள். பாலிஷ் தோலில் ஏறினால் அந்த இடத்தில் தண்ணீர் உள்ளே புக வழி கிடைத்துவிடும்.

முதல் கோட் திட்டுத் திட்டாக, கோடு கோடாகத் தெரியும். தெரியட்டும். அதைப் பார்த்துப் பயந்து கெட்டியாக அப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கெட்டியான ஒரு கோட் மேலே காய்ந்து உள்ளே பச்சையாகவே இருக்கும், லேசாக இடித்தாலும் நகர்ந்துவிடும். மெல்லிய இரண்டு கோட் அதைவிடச் சீக்கிரம் காயும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது மூன்று நிமிடம் விடுங்கள்.

ஒவ்வொரு கோட்டிலும் நகத்தின் நுனி விளிம்பை மறக்காதீர்கள். பிரஷைப் படுக்க வைத்து, நகத்தின் வெட்டுமுகத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். டைப் செய்வது, டப்பா திறப்பது, தேய்ப்பது எல்லாம் அந்த விளிம்பில்தான் படுகிறது. மேற்பரப்போடு விளிம்பையும் சேர்த்து மூடினால் தண்ணீர் அடியில் நுழையாது.

டாப் கோட்டை மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாராளமாக எடுங்கள். பிரஷின் மயிர் நேராக நிறத்தைத் தொடாமல் திரவத்தின் மேல் மிதந்து போக வேண்டும், இல்லையென்றால் நிறம் இழுபடும். விளிம்பை மூடுவது இதற்குத்தான் மிக முக்கியம். சீக்கிரம் காயும் டாப் கோட் காயும்போது சுருங்கி நுனியை வெறுமையாக்கிவிடக் கூடும்.

ஓரத்தில் வழிந்ததை ஐலைனர் பிரஷை ரிமூவரில் தொட்டு வழித்தெடுங்கள். பட்ஸ் பஞ்சு இழை விடும், ஈர நகத்தில் ஒட்டிக்கொள்ளும்.

காலுக்கும் இதே வரிசைதான். விரல்களுக்கு நடுவில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், அன்று முழுக்கத் திறந்த செருப்பு போடுங்கள்.

6. முதல் ராத்திரியும் அடுத்த ஒரு வாரமும்

முதல் பத்து நிமிடம் கையைச் சும்மா வையுங்கள். அதன் பிறகு விரல்களைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரு நிமிடம் வைப்பவர்கள் உண்டு. மேற்பரப்பு கெட்டியாக அது உதவும், ஆனால் உள்பக்கம் காய்ந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்று காட்டினால் பாலிஷ் இளகும், குமிழியும் வரும். அன்று ராத்திரி கொதிக்கும் ரசம் சோறு வேண்டாம், ஸ்பூனால் சாப்பிடுங்கள்.

அடுத்த நாளிலிருந்து பாத்திரம் கழுவ ரப்பர் கையுறை போடுங்கள். சோப்புத் தண்ணீரும் கம்பி நாரும் சேர்ந்து செய்யும் சேதத்தை வேறு எதுவும் செய்வதில்லை. ஸ்டிக்கர் சுரண்டுவது, மூடி நெம்புவது, பூண்டு உரிப்பது போன்றவற்றுக்கு நகத்தைப் பயன்படுத்தாமல் விரல் சதையையோ கத்தி முனையையோ பயன்படுத்துங்கள். பூண்டை நசுக்கிவிட்டால் தோல் தானே கழன்றுவிடும்.

இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை டாப் கோட் மட்டும் ஒரு மெல்லிய கோட், நுனி விளிம்போடு சேர்த்து. போடும் முன் கையை நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். இங்கே ரிமூவர் கூடாது. ஐந்து நிமிட வேலைதான், பளபளப்பு முதல் நாள் மாதிரி திரும்பிவிடும்.

ராத்திரி படுக்கும் முன் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வறண்ட நகம் வளையாமல் ஒடியும், கூடவே பாலிஷும் விரியும். முந்தைய படியில் எண்ணெயை எதிரியாகச் சொன்னேன். அது பூசும் முன்னால் மட்டும்தான்.

பாட்டில் கெட்டியாகி நூல் நூலாக வந்தால் ரிமூவர் ஊற்றாதீர்கள். அது பாலிஷின் பிடிப்பைக் கெடுக்கும். அதற்கென்று விற்கும் பாலிஷ் தின்னர் இரண்டு மூன்று சொட்டு விட்டு உருட்டினால் சரியாகும். ஒவ்வொரு முறையும் மூடும் முன் பாட்டிலின் வாயைத் துடைத்து வைத்தால் காற்று புகாது, சீக்கிரம் கெட்டியாகாது.

7. எடுக்கும் முறை

உரிந்த ஓரத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். பாலிஷோடு நகத்தின் மேலடுக்கும் வரும், அடுத்த முறை அந்தச் சொரசொரப்பான இடத்தில் எதுவும் நிற்காது. பஞ்சை ரிமூவரில் நனைத்து, நகத்தின் மேல் 10 விநாடி அழுத்தி வைத்து, பிறகு அடியிலிருந்து நுனிப் பக்கமாக ஒரே துடைப்பாக எடுங்கள். கிளிட்டர் என்றால் நனைத்த பஞ்சை வைத்து மேலே அலுமினியத் தாளைச் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள், தேய்க்காமலேயே கழன்று வரும்.

அறுவை சிகிச்சைக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டியிருந்தால் முன்பே எடுத்துவிடுங்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியின் அளவீட்டை அடர்ந்த நிறங்கள் மாற்றிக் காட்டக்கூடும். நகத்தின் நிறத்தை வைத்து மருத்துவர் பார்ப்பதும் உண்டு.

8. உரிந்த இடத்தைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிக்க

அடுத்த முறை துடைத்தெடுக்கும் முன் நகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.

நுனியில் மட்டும் பெயர்ந்திருந்தால் விளிம்பை மூடவில்லை, அல்லது அந்த விரலால் எதையோ சுரண்டுகிறீர்கள். வலது ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் மட்டும் போயிருந்தால் இரண்டாவதுதான் காரணம்.

அடிப்பக்கத்தில் எழும்பியிருந்தால் செத்த தோலின் மேல் பூசியிருக்கிறீர்கள், அல்லது பாலிஷ் தோலைத் தொட்டிருக்கிறது.

முழு நகமும் ஒரே தாளாகக் கழன்றால் எண்ணெய் துடைக்கவில்லை, அல்லது நகம் ஈரமாக இருந்திருக்கிறது. பேஸ் கோட்டை விட்டவர்களுக்கும் இப்படித்தான் வரும்.

குமிழி வந்திருந்தால் மின்விசிறி, குலுக்கிய பாட்டில், கெட்டியான கோட், இந்த மூன்றில் ஒன்று.

எல்லாம் சரியாகச் செய்தும் ஒரே ஒரு விரலில் மட்டும் ஒவ்வொரு முறையும் உரிந்தால், அந்த நகத்தின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். பெரும்பாலும் நகமே அடுக்காகப் பிரிந்திருக்கும். அந்தப் பகுதி வளர்ந்து வெட்டுப்படும் வரை அந்த நகத்தைக் குட்டையாகவே வைத்திருங்கள், பேஸ் கோட்டை மட்டும் அதற்கு இரண்டு முறை போடுங்கள்.